உங்களுக்குத் தெரியுமா? பாலைவன ஊருக்குக் குடிபோகும் முன்...

மதுரை பசுமலையில் எங்கள் தெருத் தம்பி ஒருவருக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. ஏ.சி. மெக்கானிக். ஜூன் கடைசியில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். "அங்கிட்டு வெயில் நமக்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டார். தாங்கும் என்றோ தாங்காது என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை. விசாரிக்க விசாரிக்க அந்தக் கேள்வி வேலை நேரம், படுக்கும் அறை, சம்பளக் கடிதத்தின் ஒரு வரி என்று எங்கெங்கோ இழுத்துப் போனது. அவருக்காகத் திரட்டியவை இவை. உங்கள் வீட்டிலும் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

★

வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வளைகுடாவுக்குப் போகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். சவூதியின் ரியாத் நகரம் கடலிலிருந்து வெகு தூரம் தள்ளி, சுமார் 600 மீட்டர் உயர மேட்டில் இருக்கிறது. கோடையில் 43, 44 டிகிரி அடிக்கும். ஆனால் காற்று காய்ந்து கிடக்கும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். மாலையில் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் உடம்பு எவ்வளவு நீரை விட்டது என்று தெரியவரும். இது வெக்கை.

துபாயும் தோஹாவும் கடலோர ஊர்கள். ஆகஸ்டில் பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி அளவில் நிற்கும். இரவிலும் 30க்குக் கீழே இறங்குவது அரிது. மேலே கடலின் ஈரம் வந்து கவியும். வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இது புழுக்கம். மதுரையில் கத்திரி வெயில் 40ஐத் தொட்ட நாளிலும் பின்னிரவில் மொட்டை மாடியில் பாயை விரித்தால் கொஞ்சம் காற்று கிடைக்கும். துபாயின் ஆகஸ்ட் இரவில் அந்த ஆறுதல் கிடையாது. ஆகவே "எத்தனை டிகிரி?" என்று கேட்பதற்கு முன் "கடலோரமா, உள்நாடா?" என்று கேளுங்கள். நம் ஊர் ஏர்கூலர் ரியாத்தில் நன்றாக வேலை செய்யும். துபாய்ப் புழுக்கத்தில் அறையை இன்னும் ஈரமாக்குவதோடு சரி.

★

குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான வெப்பம் 53.9 டிகிரி. உலக வானிலை அமைப்பு சரிபார்த்து ஏற்ற அளவு இது. ஆசியாவிலேயே இதுதான் உச்சம்.

★

அகநானூற்றில் 400 பாட்டு. அவற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாட்டும் பாலைத்திணை. பாலைத்திணை என்றால் பிரிவு. பொருள் தேடச் சுடுமணல் வழியே போகத் துணிந்த ஒருவன், போக வேண்டாம் என்று தடுக்கும் வீடு, போன பிறகு வழியை எண்ணி உருகும் நெஞ்சு. இதைத் தொகுத்த உருத்திரசன்மன் மதுரை உப்பூரிகுடி கிழாரின் மகன். "வெயில் ஊருக்குச் சம்பாதிக்கப் போகலாமா?" என்ற கேள்வி, விசா என்ற சொல் தமிழுக்கு வருவதற்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர்ப் பக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. பாதி நூலையே ஒதுக்கும் அளவுக்கு அந்தக் கேள்வியை நம் முன்னோர் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

★

துபாய் அடங்கிய அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹம் வரை நிறுவனத்துக்கு அபராதம். கத்தாரில் 2021 முதல் இன்னும் கண்டிப்பு: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை வெளிவேலை கிடையாது. அதற்கும் மேலாக வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவு 32.1ஐத் தாண்டினால், மணி என்னவாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பகல் 11 முதல் 4 மணி வரை தடை.

நல்ல சட்டங்கள். ஆனால் தண்ணீர்க் குழாய், மின்தடை போன்ற அவசரப் பழுதுகளுக்கு அமீரகத்தில் விலக்கு உண்டு. ஏ.சி. மெக்கானிக் ஏறி நிற்கும் இடம் பெரும்பாலும் மொட்டை மாடி. வெளி யூனிட்டின் விசிறி அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டை அவர் முகத்தில்தான் தள்ளும். ஊருக்கே குளிர் தருகிறவர் உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. வேலைக்குச் சேரும்முன் இதை வாய்விட்டுக் கேட்பதில் தவறே இல்லை.

★

சம்பளக் கடிதத்தில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். 'பேசிக்' எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அந்த பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும்: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். மொத்தம் 3,000 திர்ஹம் என்று இரண்டு கடிதங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் பேசிக் 1,200, மீதி அலவன்ஸ். இன்னொன்றில் பேசிக் 2,000. ஐந்து ஆண்டு முடிந்து கிளம்பும்போது முதல் ஆள் கையில் 4,200 திர்ஹம். இரண்டாவது ஆள் கையில் 7,000. உழைப்பும் வெயிலும் இருவருக்கும் ஒன்றே.

மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மாதம் 4,000 திர்ஹம் வேண்டும். அல்லது 3,000மும் கம்பெனி தரும் வீடும் வேண்டும். தம்பியின் கடிதம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. அவருக்குப் போன மாசியில்தான் பெண் குழந்தை பிறந்தது.

★

துபாய் வாடகை விளம்பரங்களில் 'சில்லர் ஃப்ரீ' என்று ஒரு சொல் வரும். பல கட்டடங்களில் வீட்டுக்கு வீடு ஏ.சி. பெட்டி கிடையாது. ஒரு பெரிய நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைத்துக் குழாய் வழியே கட்டடம் கட்டடமாக அனுப்புகிறார்கள். அந்தக் குளிருக்குத் தனி பில் வரும். சில்லர் ஃப்ரீ என்றால் அது வாடகைக்குள் அடக்கம். வாடகை மலிவு என்று பிடித்த வீடு ஜூலை பில்லில் கசந்துபோவது இதனால்தான். வாடகையையும் மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஆண்டு வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு எனப் பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். வீட்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுவரியாகத் தண்ணீர், மின்சார பில்லோடு சேர்ந்து வரும். வருமான வரி இல்லாத ஊர் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் போட வேண்டும்.

★

ஜூலையில் வளைகுடா வீடுகளின் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை சுடும். தொட்டி மாடியில் காய்கிறது. பழகியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? குளியலறை ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். ஹீட்டரின் கலம் ஏ.சி. ஓடும் வீட்டுக்குள் இருப்பதால் அதில் நின்ற தண்ணீர் ஆறிவிடும். கோடை முழுதும் 'சூடு' என்று சிவப்புப் புள்ளி வைத்த குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர்.

★

அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் கடல்நீரின் உப்பை நீக்கிச் செய்தது. மதுரைக்கு ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. துபாய்க்கு 100 மி.மீ.கூடத் தேறாது. தென்கால் கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும் என்று கணக்குப் பார்த்து வளர்ந்த நமக்கு, மழையை நம்பாமல் ஓர் ஊரே வாழ்வது விளங்கச் சற்று நாள் பிடிக்கும். ஆனால் 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தின் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மி.மீ. கொட்டியது. 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அந்நாட்டில் அப்படி ஒரு மழை இல்லை. துபாய் விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றது.

★

கசகசா. குருமாவுக்கு என்று அம்மா ஒரு சின்னப் பொட்டலம் கட்டிப் பெட்டியின் ஓரத்தில் செருகிவிடுவார். எடுத்துவிடுங்கள். அமீரகம், சவூதி, கத்தார் எல்லாவற்றிலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் தடைசெய்யப்பட்டது. குருமாப்பொடி, மசாலாப்பொடி அரைத்துக் கொடுப்பவர்களிடமும் "கசகசா போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இருமல் மருந்து, வலி மாத்திரை எடுத்துப் போகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு போவதும், அந்த மருந்து அங்கே அனுமதிக்கப்பட்டதா என்று முன்பே பார்ப்பதும் அவசியம். இதைச் சொல்லாமல் அனுப்பிய வீடுகள் பட்ட துயரம் சாதாரணமானதில்லை.

★

பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைத்து, சுற்றுலா விசாவில் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏஜென்ட் பேச்சை நம்புகிறார்கள். அந்த அனுமதியோடு சேர்ந்து வருவது பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டவிரோதம்.

★

வளைகுடாவில் பல இடங்களில் ஒரு காலத்தில் செலாவணியே நம் ரூபாய்தான். 1959இல் ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிக்கென்றே தனி நிறத்தில், வரிசை எண்ணுக்கு முன் 'இசட்' எழுத்துப் போட்டு நோட்டு அச்சடித்தது. 1966இல் ரூபாயின் மதிப்பை இந்தியா குறைத்த பிறகு அதுவும் வழக்கொழிந்தது.

★

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரமும் பாலைவன ஊர்தான். சிப் தயாரிக்கும் ஆலைகள் அங்கே பெருகியதால் நம் பொறியாளர்கள் பலர் போகிறார்கள். 2023இல் ஜூன் 30 தொடங்கி 31 நாள் தொடர்ந்து பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆண்டு அந்நகரம் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. இறந்தவர்களில் கணிசமானோர் வீடற்றவர்கள். செல்வம் மிகுந்த நாட்டிலும் வெயில் யாரைத் தேடிப் போகிறது என்பதைப் பாருங்கள்.

★

அரபு நாட்டு மூத்தவர்கள் கோடை முடிவதை ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சொல்கிறார்கள். பெயர் சுஹைல். ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தெற்கே தொடுவானத்தை ஒட்டி அது எழுந்தால் இரவின் சூடு மெல்ல இறங்கத் தொடங்கும், பகலும் பின்னாலேயே தணியும் என்பது பாலைவனக் கணக்கு. அந்தச் சுஹைல் நமக்கு அந்நியம் இல்லை. நாம் அகத்திய நட்சத்திரம் என்போம். மாசி மாதம் முன்னிரவில் பசுமலையில் நின்று தெற்கே பார்த்தால் பரங்குன்றத்துக்கு மேலே தனியாகப் பளிச்சென்று தெரியும்.

புதிதாக வெயில் வேலைக்கு வரும் உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்கிறது மருத்துவம். முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் வழிகாட்டல். அவர்கள் அஞ்சுவது முதல் சில நாட்களைத்தான். ஜூன் கடைசியில் இறங்கி, மறுநாளே மொட்டை மாடி ஏறுகிறவருக்கு அந்த அவகாசம் எங்கே? "அக்டோபரில் சேரலாமா என்று கேட்டு எழுதுங்க தம்பி" என்றேன். எழுதியிருக்கிறார். கூடவே பேசிக் எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறார்.

★

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கிருந்த இந்தியர்களில் சுமார் 1,70,000 பேரை, பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியே, விமானங்களில் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. அப்படி ஒரு நாள் யாருக்கும் வரலாம். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் ஒரு நகல் ஊர் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

★

"எந்நேரம் கூப்பிட்டா எடுப்பான்?" இது தம்பியின் அம்மா கேட்டது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். பசுமலையில் இரவு 9 மணி என்றால் அங்கே 7.30. வேலை முடிந்து தங்கும் கேம்ப் வந்து, குளித்து, சமையல்கட்டில் அடுப்புக்கு வரிசை பிடிக்கும் நேரம் அது. நம் கணக்கில் பத்தரைக்கு மேல் கூப்பிடுங்கள், அங்கே ஒன்பதாகும், ஆற அமரப் பேசலாம். இன்னொன்று: அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச முடியாது. அங்கிருக்கும் நம்மவர்கள் வீட்டோடு பேசுவது 'போட்டிம்' என்ற செயலியில். கிளம்பும் முன்பே அம்மாவின் போனில் அதைப் போட்டு, இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிட்டுப் பழக்கிவிடச் சொன்னேன். நேற்றுச் சாயங்காலம் முற்றத்தில் இருந்த அம்மாவை அடுக்களையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.