தண்ணீரில் இன்னொரு படகு இல்லை

படகை வரைந்துவிட்டு, அதையே தலைகீழாகக் கீழே இன்னொரு முறை வரைந்தால் தண்ணீர் வந்துவிடும் என்று எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்குகிறவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்தப் படத்தில் இரண்டு படகுகள் இருக்கும், தண்ணீர் இருக்காது. பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1872 வாக்கில் தீட்டிய ‘அர்ஜந்தேயில் படகுப் போட்டி’யைப் பாருங்கள். பாரீசுக்கு அருகே சேன் ஆற்றில் பாய்மரப் படகுகள். மேலே பாய்கள் முழு வடிவத்தோடு நிற்கின்றன. கீழே அதே வெண்மை அகலமான கிடைத் தீற்றல்களாக, இடையிடையே நீலம் எட்டிப்பார்க்க, துண்டு துண்டாகக் கிடக்கிறது. கரைவீட்டின் சிவப்பும் அப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. ஒரு தீற்றலை மட்டும் தனியே பார்த்தால் வெறும் பெயின்ட்தான். நாலடி தள்ளி நின்றால் ஆறு அசைகிறது.

அவசரத்தில் இழுத்த வேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிற்றலை ஒவ்வொன்றும் சாய்த்து வைத்த சிறு கண்ணாடி. நம் பக்கம் சாய்ந்த முகம் உயரே உள்ள வானத்தைக் காட்டும். அடுத்த முகம் பாயைக் காட்டும். தாழ்வான கரையிலிருந்து பார்க்கையில் அந்த முகங்கள் ஒடுங்கிக் கிடைக்கோடுகளாகின்றன. மோனேயின் தூரிகை கிடையாக ஓடியதில் நான் காண்பது கவனத்தை. படகொன்றையே ஓவியக்கூடமாக்கி ஆற்றின் மேலிருந்து தீட்டியவர் அவர். அந்தக் காட்சியைச் சக ஓவியர் எதுவார் மனே 1874இல் ஓவியமாக்கினார்.

சரி, காற்றே இல்லாத குளத்தில் நீர் கண்ணாடிதானே என்று கேட்கலாம். அங்கும் நகல் கிடைக்காது. நம் கண் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவதே பிம்பம். கரையில் நிற்பவருக்குப் படகின் உட்பலகைகள் தெரியும்; பிம்பத்தில் அவை மறைந்து, வெளிவிளிம்பின் அடிப்பக்கம் தெரியும். வெளிச்சமும் மாறுகிறது. நேர் கீழே குனிந்து பார்த்தால் நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான். பார்வை சாயச் சாய அது கூடும்; ஆனாலும் முழு ஒளியும் திரும்புவதில்லை. அதனால் வெள்ளைப் பாய் நீரில் மங்குகிறது. கறுத்த அடிப்பலகையோ, நீரின் சொந்த நிறமும் சேர்வதால், சற்று வெளிறுகிறது.

இப்படிப்பட்ட பிம்பத்தைத் தீட்ட எண்ணெய் வண்ணம் வாகானது. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுவதால், தீட்டியது பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும். பாயின் வெள்ளையில் நீரின் நிறத்தைத் துளி கலந்து ஈரத்தின் மேலேயே வைத்து, உலர்ந்த தூரிகையால் குறுக்கே ஒருமுறை இழுத்தால் விளிம்பு நீர்போலக் கலங்கும். ஆசைப்பட்டு மேலும் மேலும் இழுத்தால் நிறங்கள் சேறாகிவிடும்.