துரை தந்த சந்தோசமும் பில்லில் ஏறிய பத்து வீதமும்

வட்டகொடை பஜாரில் ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டு எழுகிற யாரும் மேசையில் காசு வைத்துவிட்டுப் போவதில்லை. கடைக்காரரும் எதிர்பார்ப்பதில்லை. பரிமாறுகிறவர் கடைக்காரரின் மகனாக இருப்பார், இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மிச்சக் காசை விட்டுவிட்டு நடந்தால், “அண்ணே, சில்லற மறந்துட்டீங்க” என்று ரோட்டு வரைக்கும் ஓடி வருவார். ஆனால் இதே வட்டகொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விசாரித்துப் பாருங்கள். லயத்துக்கு ஒருவராவது நுவரெலியாவிலோ, கொழும்பு வெள்ளவத்தையிலோ, மாலைதீவிலோ, டுபாயிலோ யாரோ சாப்பிடும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் முன்பின் தெரியாதவர்கள் வைத்துவிட்டுப் போன காசும் கலந்திருக்கும்.

பரிமாறும் வேலையை மலையகம் முதலில் பழகியது துரை பங்களாவில்தான். மேலே பங்களா, கீழே லயம் என்று தோட்டத்தின் மேடு பள்ளமே யார் யாருக்குச் சேவகம் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். பங்களாவில் அப்பு, கோக்கி, ஆயா, தோட்டக்காரன், எடுபிடிக்குப் பையன் என்று ஒரு சிறிய பட்டாளம். கொழுந்து மலையில் படங்கைக் கட்டிக்கொண்டு அட்டைக்கடியோடு நனைவதைவிட அடுப்படிச் சூடு மேல் என்பதால் அந்த வேலைக்குப் போட்டியும் உண்டு, கங்காணியின் சிபாரிசும் உண்டு. வெள்ளைக் கோட்டு போட வேண்டும், செருப்பு போடக் கூடாது. சூப்புத் தட்டை எந்தப் பக்கத்திலிருந்து வைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதெல்லாம் மனப்பாடம். நல்ல சேவைக்கு அன்றிருந்த இலக்கணம் ஒன்றுதான்: ஆள் இருப்பதே தெரியக் கூடாது.

அதற்குரிய கூலி செக்ரோலில் ஏறும். அதற்கு மேல் கிடைப்பது சந்தோசம். கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் காசு, துரை சீமைக்கு லீவில் போகும்போது ஒரு பழைய கம்பளிக் கோட்டு, துரைசாணியின் மனம் குளிர்ந்திருந்தால் பிள்ளைகளுக்கு பிஸ்கட் டின். கேட்டு வாங்க முடியாது, கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் கிடைத்ததே, இந்த வருஷம் ஏன் இல்லை என்று கேட்க யாருக்கும் வாய் கிடையாது. அதே தோட்டத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தப்படித்துக்கொண்டு மாலையும் பழத்தட்டுமாக ஜனம் பங்களாவுக்கு ஏறும். கீழேயிருந்து மேலே போகும் அந்தத் தட்டு கடமை. மேலேயிருந்து கீழே வரும் கோட்டு தயவு. இரண்டையும் அன்பளிப்பு என்றே சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை செரிக்காத விஷயம்.

கங்காணியின் வரும்படியோ வேறு மாதிரி. அவர் பிரட்டுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு ஆளுக்கும் நாள்தோறும் தலைக்காசு எண்ணிக் கொடுக்கப்பட்டது. ஆளை வேலைக்கு வரவைத்ததற்குக் கணக்கோடு காசு. வேலைக்கு வந்த ஆளுக்குக் குறைந்த கூலியும் எப்போதாவது ஒரு சந்தோசமும்.

வட்டகொடைக்குப் பக்கத்து மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, இந்த ஏற்ற இறக்கத்தை உள்ளேயிருந்து பார்த்து எழுதியவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு வருஷமே தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தல் வந்தபோது அவருக்கு வாக்களித்த ஜனங்களில் மிகப் பெரும்பாலோரிடம் வாக்கே இல்லை. ஹோட்டல் மேசையைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். நாடற்றவர் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. கொழுந்து வேண்டாம் என்று நினைத்த பையனுக்குத் திறந்திருந்த கதவு கொழும்புக் கடைதான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ரயிலேற்றிவிடுவார்கள். ஊர்க்காரர் யாராவது முதலாளியிடம் கொண்டுபோய் நிறுத்துவார். சாப்பாடு கடையில், படுக்கை இரவில் சேர்த்துப் போட்ட மேசைகளின் மேல். சம்பளம் பையன் கைக்கு வராது. அப்பா மாசம் ஒருமுறை வந்து வாங்கிப்போவார், இல்லாவிட்டால் முதலாளியின் ஏட்டில் எழுதிக் கிடக்கும். அந்தப் பையன்களிடம் இருந்த திறமையை எந்த ஹோட்டல் பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுக்கவில்லை. வடையும் ரோல்ஸும் அடுக்கிய தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். சாப்பிட்டவர் எழுந்ததும் தட்டில் மிஞ்சியதை ஒரு பார்வை பார்த்து, வயிற்றுக்குள் போனது எத்தனை என்று கணக்குப் பண்ணி, காசு மேசைக்குக் கேட்கும்படி தொகையைக் கூவுவார்கள். ஒரே நேரத்தில் ஏழெட்டு மேசையின் கணக்குத் தலைக்குள் ஓடும். பென்சிலும் இல்லை, துண்டும் இல்லை.

பில் தட்டில் கிடக்கும் சில்லறை யாருக்கு? சில கடைகளில் எடுத்த பையனுக்கே. பல கடைகளில் அது முதலாளியின் கண் பார்வையில் இருக்கும் டின்னுக்குள் போகும், தீபாவளிக்குத் திறந்து பங்கு போடுவார்கள். உடைந்த கிளாசுக்கு அதிலிருந்து கழித்துக்கொண்ட முதலாளிமாரும் இருந்தார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது, ஏட்டில் எழுதிக் கிடந்த சம்பளங்களும் அவற்றோடு போயின.

அந்த டின்தான் இன்று பில்லுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஓரளவு பெரிய ரெஸ்டோரண்ட் எதிலும் சாப்பாட்டு விலைக்குக் கீழே சேவைக் கட்டணம் 10 வீதம் என்று ஒரு வரி இருக்கும். மாசம் முழுக்கச் சேர்ந்த அந்தத் தொகையைப் பதவிக்கும் சேவைக்காலத்துக்கும் ஏற்பப் புள்ளி போட்டுப் பிரிப்பது வழக்கம். மனேஜருக்குப் புள்ளி அதிகம், தட்டுக் கழுவுகிறவருக்குக் குறைவு. ஆனாலும் சமையல்கட்டின் பின்பக்கம் நிற்பவருக்கும் பங்கு உண்டு என்பது பழைய டின் தராத நியாயம். மேசையில் விட்டுப்போகும் நோட்டு, சிரித்த முகத்துக்குத்தான் கிடைக்கும். உருளைக்கிழங்கு உரித்த கைக்குக் கிடைக்காது.

இதன் சிக்கல் சீசன் இல்லாத மாதத்தில்தான் தெரியும். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் மாதம் 10,000 ரூபாய். 2024இல் 17,500 ஆனது, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அடிப்படைச் சம்பளத்தை அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் ஹோட்டல்களில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வைப்பது சேவைக் கட்டணம்தான். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் அறை கிடைக்காது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேசைகள் காலி. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2020இல் கொரோனாவிலும், 2022இல் டீசலும் கேஸும் இல்லாத மாதங்களிலும் பத்து வீதம் ஏறக்குறையப் பூச்சியத்தின் பத்து வீதமாக இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையக ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டபோதும் முதலில் குறைந்தது இந்தப் பங்குதான். வியாபாரத்தின் நட்டத்தில் ஒரு பகுதியைப் பரிமாறுகிறவர் சுமக்கிறார், லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை வெவ்வேறு பக்கமிருந்து அவிழ்க்கப் பார்க்கின்றன. அமெரிக்க மத்தியச் சட்டம், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சத்தை 1991 முதல் மணிக்கு 2.13 டொலரிலேயே வைத்திருக்கிறது; மிச்சத்தை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்ஸும் சேவைக் கட்டணமும் பிடிப்பு எதுவுமின்றி ஊழியருக்கே போய்ச் சேர வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்ப்பதைத் தடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரி என்றது. இந்தியத் தீர்ப்பில் சாப்பிடுகிறவரின் உரிமை காப்பாற்றப்பட்டது, நல்லதுதான். பிரிட்டன் சட்டம்தான் எனக்கு நெருக்கம். நம் ஹோட்டல்களில் மாசக் கடைசியில் எவ்வளவு சேர்ந்தது, எப்படிப் பிரித்தார்கள் என்ற தாளைப் பரிமாறுகிறவர் கண்ணால் பார்க்க முடிகிறதா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறுகிறது. கார்டில் தேய்த்துவிட்டு எழுகிறவர்கள் பெருகப் பெருக, கைக்கு வரும் நோட்டும் குறைகிறது.

இதற்கிடையில் பங்களாவே திரும்பி வந்துவிட்டது. கந்தப்பளையில் ஹெத்தர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. 2005இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பழைய துரை பங்களாக்கள் சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் விருந்தினர் மாளிகைகளாயின. அதைப் பார்த்துப் பல தோட்டங்களில் பங்களாவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். காலையில் படுக்கைக்குத் தேநீர், மாலையில் ஸ்கோனும் ஜேமும், பக்கத்தில் பட்லர். இப்படிப்பட்ட பங்களாவில் ஓர் இரவுக் கட்டணம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

ஆனாலும் அந்தப் பட்லரைப் பழைய அப்புவின் பேரன் என்று மட்டும் பார்த்தால் அவருக்கு அநியாயம் செய்கிறோம். அவர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார். கொழும்பில் 1964இல் தொடங்கிய ஹோட்டல் பள்ளிக்கு இன்று பண்டாரவளையிலும் கிளை இருக்கிறது. அவர் விருந்தாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், எந்தத் தேயிலை எந்த மலையில் விளைந்தது என்று விளக்குகிறார். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு ஹோட்டல். அவருடைய தாத்தாவுக்குப் பங்களாவை விட்டால் மறுபடி கொழுந்து மலைதான். வெளிநாட்டுக்காரர் போகும்போது கையில் வைக்கும் டொலரை அவர் நன்றியோடு வாங்குகிறார், கூனிக் குறுகி வாங்குவதில்லை. சந்தோசம் என்ற பழைய ஏற்பாட்டில் நல்லதாக மாறியிருப்பது இந்தப் பகுதி.

மாறாதது மலையில் இருக்கிறது. 2018இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள், 2025இல் அதையும் தாண்டினார்கள். தலவாக்கலையிலிருந்து வட்டகொடை வழியாகக் கிரேட் வெஸ்டர்ன் மலையை நோக்கி ரயில் ஏறும்போது வாசலில் தொங்கிக்கொண்டு அவர்கள் படமெடுப்பதெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்களைத்தான். பெரும்பாலோர் இறங்குவது நானுஓயாவிலும் எல்லவிலும். ரோட்டோர மலைகளில் கூடையோடு நின்று படத்துக்குப் பிறகு நூறு, இருநூறு வாங்கும் பெண்களைப் பற்றிச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், மலையகத்து மானம் போகிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோட்டல் விளம்பரத்தில், தேயிலைப் பெட்டியில், விமானக் கம்பனிப் புத்தகத்தில் அந்த முகம் சம்பளமில்லாமல் எத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறது! படத்துக்குக் காசு கேட்பது அந்தக் கணக்கில் ஒரு சின்ன வசூல்.

அவர்களுடைய நாட்சம்பளத்தையும் பாதி சந்தோசமாக மாற்றிவைத்த காலம் உண்டு. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று பெரிதாகச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500. உற்பத்தி ஊக்குவிப்பு 140, வருகை ஊக்குவிப்பு 60, விலைப்பங்கு 30. மாதத்தில் 75 வீத நாள் வராவிட்டால் வருகைக் காசு இல்லை, குறித்த கிலோ எடுக்காவிட்டால் உற்பத்திக் காசும் இல்லை. சேமலாப நிதி 500க்கு மட்டும். அடிப்படையே 1,000 ஆக வேண்டும் என்று 2018 அக்டோபரில் கறுப்புச் சட்டையோடு காலி முகத்திடலில் கூடியவர்கள், கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறவர்கள் அதில் பலர். அடிப்படை என்றால் என்ன, மேல்வரும்படி என்றால் என்ன என்பதை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அம்மாவின் சம்பளத் துண்டையும் தங்கள் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிள்ளைகள்.

2019இல் ஊக்குவிப்புகள் போய், அடிப்படை 700 ஆனது. 1,000 கிடைக்க 2021 ஆனது, 2024இல் 1,350. 2026க்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, மேலே அரசாங்கம் 200 ரூபாய் தருவதாகச் சொன்னது. அந்த 200 ரூபாய்க்கு வைத்த பெயர் வருகை ஊக்குவிப்பு.