இமயத்தில் தங்கிவிட்ட அப்பா

ஜார்ஜ் மல்லோரி, இங்கிலாந்தில் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. எவரெஸ்ட் ஆசை அவரை விடவில்லை.

1922இல் அவர் அழைத்துப்போனபோது பனி சரிந்து, சுமை தூக்கிய ஏழு கூலியாட்கள் மாண்டார்கள். அவர்களுக்கும் வீடு வாசல் உண்டுதானே? அந்தப் பழி மல்லோரியின் மனசை அரித்தது. ஆனாலும் மறுபடி போனார்.

1924 ஜூன் 8. ஆண்ட்ரூ இர்வினோடு உச்சியை நோக்கிப் போனவர் திரும்பவில்லை. வயது 37. கடைக்குட்டி மகனுக்கு மூன்று வயசு.

உச்சியில் வைக்க மனைவியின் படத்தைக் கொண்டுபோனார் என்பார்கள். 1999இல் உடல் கிடைத்தது, படம் இல்லை. உச்சி தொட்டாரா? இன்றும் புதிர்தான்.

1953இல் உச்சி தொட்ட டென்சிங், சுமை தூக்கத் தொடங்கியவர். உழைப்பாளிக்கு அது பெருமை!

மல்லோரிக்கும் பேரு நிலைச்சிருச்சு. ஆனா, அந்தப் புள்ளைங்க வாசலைப் பார்த்துத் தேடியது பேரையா, அப்பாவையா?