லோரியில் ஏறாத முட்டைக்கோஸ்

கியா பார்மில் மாமாவுக்குக் காய்கறித் தோட்டம். செமஸ்டர் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். கணினி படிக்கும் பிள்ளை சும்மா இருந்தால் விடுவார்களா? "தம்பி, லோரிக்குச் சரக்குப் பட்டியல் ஒண்ணு செஞ்சு கொடேன்" என்றார். கடைவாரியாகச் சரக்கைக் காட்டும் இணையப்பக்கம் ஒன்றை அமைத்து, அச்சிட்டுக் கொடுத்தேன்.

அன்றிரவு கோலாலம்பூருக்குக் கிளம்பிய லோரியில் ஒரு கடைக்குரிய 40 கிலோ முட்டைக்கோஸ் ஏறவில்லை. அந்தக் கடையின் பெயரும் தக்காளியும் முதல் தாளின் அடியில் இருந்தன. முட்டைக்கோஸ் மட்டும் இரண்டாம் தாளின் உச்சியில் தனியாக நின்றது. யாருக்குரியது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். மாமா திட்டவில்லை; அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

திரை ஒரே நீளமான சுருள். தாளுக்கு எல்லை உண்டு. எங்கே பிரிக்கலாம் என்று நாம் சொல்லாவிட்டால், இடம் தீர்ந்த இடத்தில் உலாவி பிரித்துவிடும். அதைச் சொல்லும் வழி சி.எஸ்.எஸ். நடைத்தாளில் 1998இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே உண்டு. படிக்கும்போது அந்தப் பகுதியை நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

'மீடியா பிரிண்ட்' பகுதிக்குள் எழுதும் விதிகள் அச்சிடும்போது மட்டும் செல்லும். ஒவ்வொரு கடையையும் ஒரு பெட்டியாக்கி, 'பிரேக்-இன்சைட்: அவாய்ட்' என்று கொடுத்தேன். மீதி இடத்தில் அடங்காத பெட்டி முழுதாக அடுத்த தாளுக்குப் போய்விடும். (ஒரு தாளைவிட நீளமான பெட்டி பிரியத்தான் செய்யும்.) புதிய தாளில்தான் தொடங்க வேண்டுமென்றால் 'பிரேக்-பிஃபோர்: பேஜ்'. பழைய பாடங்களில் இவை 'பேஜ்-பிரேக்' என்று தொடங்கும்.

பத்திகளுக்கு 'ஆர்ஃபன்ஸ்', 'விடோஸ்' என்றும் இரண்டு உண்டு. தாளின் அடியில் தனித்து விடப்படும் வரி அநாதை, அடுத்த தாளின் உச்சியில் தனித்து நிற்பது கைம்பெண். அச்சுக்கோப்பவர்கள் வைத்த பெயர்கள்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. திரையில் அழகாக இருக்கட்டும் என்று பெட்டிகளை ஃபிளெக்ஸ் முறையில் அருகருகே அடுக்கியிருந்தேன். அச்சுக்கு மட்டும் 'டிஸ்பிளே: பிளாக்' என்று மாற்றிய பிறகே விதி வேலை செய்தது. அச்சு முன்னோட்டத்தில் பார்த்ததால் தாள் வீணாகவில்லை.

மறுநாள் இரண்டு தாள் மூன்றாகிவிட்டது. "தாள் கூடுதே" என்றார் மாமா. முட்டைக்கோஸ் ஏறியது.