அஞ்சல் காரின் மஞ்சள் விளக்கு

அமெரிக்கக் கிராமங்களில் தபால் பெட்டி பெரும்பாலும் சாலையோரத்தில் ஒரு கம்பத்தின் மேல் நிற்கிறது. தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமலே கடிதம் போட வசதியாக, சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் அதை வைக்கச் சொல்கிறது அந்நாட்டு அஞ்சல் துறை. கிராமங்களுக்கான இந்த இலவச விநியோகம் 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கியது.

கிராமத் தபால்காரர்களில் பலர் சொந்தக் காரையே ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், பெட்டியோ வலப்பக்கம். எனவே சிலர் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டி வாங்குகிறார்கள். சிலர் வலது இருக்கையில் அமர்ந்து, இடது கையையும் இடது காலையும் நீட்டி ஓட்டுகிறார்கள்.

ஆபத்து பின்னாலிருந்துதான் வருகிறது. மற்றவர்கள் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சாலையில் இந்தக் கார் ஊர்ந்து ஊர்ந்து, பெட்டிக்குப் பெட்டி நிற்கும். காரிலேயே உள்ள அபாய விளக்கு தாழ்வாக இருப்பதால் மேட்டுக்கு அப்பால் தெரியாது. சேறும் பனியும் அதை மூடிவிடும். அது மின்னும்போது பல கார்களில் திரும்பும் சைகை வேலை செய்வதுமில்லை. அதனால் கூரையில் காந்தத்தால் ஒட்டும் மின்னும் மஞ்சள் விளக்கைப் பொருத்துகிறார்கள். சிகரெட் லைட்டர் துளையிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைத்துவிடும். சிவப்பும் நீலமும் பொதுவாகப் போலீஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு உரியவை. விளக்கு பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.