கட்டிக்கொடுத்த மகளுக்கும் நிலத்தில் பங்கு உண்டு

'பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது. கட்டிக்கொடுத்த தங்கைக்குப் பங்கு உண்டா?' அரியக்குடி, காரைக்குடி பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உண்டு. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. உடன்பிறந்தவரின் உரிமையை அது அழித்துவிடாது.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதுவரை திருமணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய அரசின் திருத்தம், திருமணமான மகள்களுக்கும் அந்த உரிமையைத் தந்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து முடித்த பாகப்பிரிவினையை இச்சட்டத்தைக் காட்டிக் கலைக்க முடியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நிலம் 1 ஏக்கர் 60 சென்ட். தந்தை சமீபத்தில் உயில் எழுதாமல் காலமானார். மனைவி, 2 மகன்கள், 1 மகள் இருக்கிறார்கள்.

சுயசம்பாதியம் என்றால்: நால்வருக்கும் தலா 40 சென்ட்.

கூட்டுக்குடும்பச் சொத்து என்றால்: தந்தைக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் முதலில் தலா 40 சென்ட். தந்தையின் 40 சென்ட், மனைவி, பிள்ளைகள் நால்வருக்கும் பத்துப் பத்தாகப் பிரியும். ஆக, பிள்ளைகளுக்குத் தலா 50 சென்ட், தாய்க்கு 10 சென்ட்.

தந்தையைப் பெற்ற பாட்டி இருந்தால் அவரும் வாரிசுதான், கணக்கு மாறும். பாட்டன் வழி வந்த நிலமெல்லாம் கூட்டுச்சொத்து ஆகிவிடாது என்பதால், மூலப் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

'சீர் செய்தாயிற்று' என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அதை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கலாம்.

பங்கு போடும்போது சென்ட் கணக்கு மட்டும் போதாது. கண்மாய்ப் பாசனத்தில் மடையோரத் துண்டும் கடைமடைத் துண்டும் ஒன்றல்ல. வண்டிப்பாதை, வாய்க்கால், பொதுக்கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வரப்புச் சண்டை வராது.