கற்றாழைக் கன்று

சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றை வெட்டி மண்ணில் செருகிவிட்டு, துளிர்க்கும் என்று காத்திருப்பவர்கள் பலர். அந்த மடலுக்குள் இருக்கும் சோற்றில் 98 விழுக்காடு நீர்தான். வேர் விடுவதற்கு முன்பே அது பெரும்பாலும் அழுகிவிடும்.

வளர்ந்த செடியின் காலடியைப் பாருங்கள். அங்கே பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும். நான்கைந்து அங்குல உயரமும் சொந்த வேரும் உள்ள கன்றாகப் பார்த்து, சுத்தமான கத்தியால் தாய்ச்செடியிலிருந்து அறுத்தெடுங்கள்.

உடனே நட வேண்டாம். இரண்டு நாள் நிழலில் கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்தால்தான் அழுகல் ஏறாது. வாடிவிடுமோ என்ற பயமே தேவையில்லை. வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடலில் சேர்த்துவைத்த நீர்தான் அதைக் காக்கிறது.

செம்மண்ணும் மணலும் சம அளவு, கொஞ்சம் மக்கிய தொழு உரம், அடியில் துளையுள்ள தொட்டி. இவை போதும். நட்ட ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன் பிறகும் மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள். வீட்டுக் கற்றாழை பட்டுப்போவது பெரும்பாலும் நாம் அன்பாக ஊற்றும் தண்ணீரால்தான்.

இன்னொரு செய்தி. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கும். சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். வெட்டுவாய் கீழே இருக்கும்படி மடலை நிறுத்தி, அந்தப் பாலை முழுவதும் வடித்து, நன்றாகக் கழுவிய பிறகே சோற்றை எடுங்கள்.